பேர் போடாத படகு

பாலக்கரைப் பக்கம் போய்ச் சகாயம்மாள் வீடு எது என்று கேட்டால், "எந்தச் சகாயம்மாள்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. "லென்ஸ் சகாயம்மாள்" என்று சொல்லிப் பாருங்கள், கையோடு கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

அவள் கழுத்தில் ஒரே கறுப்புக் கயிற்றில் இரண்டு சாமான் தொங்கும். ஒன்று உத்தரியம், மாதா படம் தைத்த சின்னத் துணித்துண்டு. மற்றொன்று கட்டைவிரல் பருமனில் ஒரு லென்ஸ். உத்தரியம் ஆத்துமத்துக்கு, லென்ஸ் சோற்றுக்கு. குளிக்கப் போனால் இரண்டையும் சேர்த்தே கழற்றுவாள், சேர்த்தே போட்டுக்கொள்வாள்.

தொழில் என்னவென்றால், செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவது. பதினேழு வயதில் பட்டறையில் உட்கார்ந்தவள், முப்பத்தேழு வருஷமாக எழுந்திருக்கவில்லை. உளுந்தளவு கல்லைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுற்றுகிற தட்டில் காட்டி, அந்த உளுந்தில் ஐம்பத்தேழு பட்டை எடுக்க வேண்டும். ஒரு பட்டை மயிரிழை ஆழமாகப் போனாலும் போச்சு, கல் குப்பைக்கு. எல்லார் கல்லையும் மேஸ்திரி ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். சகாயம்மாள் கல்லை மட்டும் அப்படியே பொட்டலம் கட்டிவிடுவார். "என் கை பட்ட கல்ல எவனும் ரெண்டாவது தடவை பாக்க வேண்டியதில்ல" என்பாள். திமிர்தான். ஆனால் முப்பத்தேழு வருஷம் சம்பாதித்த திமிர், அதை யார் கேட்க முடியும்?

அவள் குணம் தெரிய வேண்டுமானால் ஸ்ரீரங்கத்து நகைக்கடை விவகாரம் ஒன்று போதும். நாட்டிய நகையும் செய்கிற ஒரு நகைக்கடைக்குக் கல் கொடுக்கப் போயிருந்தாள். கல்யாண வீட்டு மாமி ஒருத்தர் கம்மலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கடைக்காரர் கூசாமல் "அசல் வைரம் மாமி" என்கிறார். சகாயம்மாள் எட்டிப் பார்த்தாள். அவள் தீட்டிய கல்! கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அசலும் இல்ல, நகலும் இல்ல மாமி, என் கல்லு. போன மாசம் பாலக்கரையில உக்காந்து நான் தீட்டுனது. நல்ல கல்லு, தாராளமா வாங்கிப் போடுங்க. வைரம்னு நெனச்சு மட்டும் வாங்காதீங்க" என்றாள். மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க நன்னா இருக்கணும்" என்றார். கடைக்காரர் அதோடு அவளை உள்ளே விடவில்லை. போகட்டுமே என்றாள். "நாம செய்யறது போலிக் கல்லு. அதப் போலின்னு சொல்லிக் குடுக்கற வரைக்கும் அது மானமான தொழில்" என்று பட்டறையில் வந்து சொன்னாள்.

இந்தப் பேச்சு பின்னால் அவள் கழுத்தையே பிடிக்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் இருந்தது. கறுப்பு மையில் அச்சடித்த பழைய படம், நாலு சாண் அகலம் இருக்கும். படம் முழுக்கக் கப்பல்கள். மேலே சுருள் சுருளாகக் கருமேகம். மேகத்துக்கு நடுவில் அங்கி பறக்க ஒரு பெண், கையில் நீளமாக ஏதோ ஒன்று. சகாயம்மாளின் அப்பா பிலோமின்ராஜ் ஒரு வெளிநாட்டுச் சாமியாருக்குச் சமையல்காரராக இருந்தார். சாமியார் ஊருக்குத் திரும்பும்போது, பெட்டியில் இடமில்லாத காகிதங்களோடு இந்தப் படத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம்தான் என்ன? கப்பல் இருக்கிறது, புயல் இருக்கிறது, மேகத்தில் மாதா இருக்கிறாள். புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலை வேளாங்கண்ணி மாதா கரை சேர்த்த கதை இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிலோமின்ராஜ் அன்றைக்கே படத்துக்குச் சட்டம் போட்டு, சீரோ வாட் பல்பு மாட்டி, மாலையும் போட்டுவிட்டார்.

கையில் இருப்பது என்ன என்று கேட்டால் லீலிப் பூ என்பார். குழந்தை ஏசு எங்கே என்று ஒரு விடாக்கண்டன் கேட்டபோது, "அடிக்கிற புயல்ல எந்தத் தாயாச்சும் கைப்புள்ளயத் தூக்கிட்டு வெளிய வருவாளாய்யா?" என்று போட்டார் ஒரு போடு. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அதுமுதல் பாலக்கரைக்காரர்கள் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதென்றால் அந்த வீட்டிலிருந்துதான் கிளம்புவார்கள். ஆகஸ்டு கடைசியில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. காவி கட்டிக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் கப்பல் மாதா முன்னால் ஜெபம் சொல்லிவிட்டு, அன்றைக்கே ஊர் எல்லையில் இருக்கிற காட்டூரைத் தாண்டுவார்கள். ஐம்பத்திரண்டு வருஷம் இது தவறியதில்லை. அப்பா செத்த வருஷம்கூட அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கிளம்பினார்கள். மாளிகை கட்டியவர்களெல்லாம் அந்தத் தெருவில் இருக்க, இரண்டு அறை ஓட்டு வீட்டு வாசலில் ஊர் கூடி நிற்கிறதே, அந்தக் கௌரவம் சகாயம்மாளுக்கு மூச்சு. மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு அவள் ஆரத்தித் தட்டோடு நிற்கிற நிலையைப் பார்க்க வேண்டும்!

ஜெபம் சொல்வது பிராங்க்ளின், தென்னூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவன். கடல் ஊருக்குள் புகுந்த அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவன் தம்பி வேளாங்கண்ணிக் கரையில் நின்றுகொண்டிருந்தான். உடம்புகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நடைப்பயணத்துக்கு முன்னால் நிற்பவன் பிராங்க்ளின். தம்பியைப் பற்றி அவன் பேச மாட்டான், யாரும் அவனிடம் பேச்செடுக்கவும் மாட்டார்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் பக்கத்து வீட்டு மாடிப் போர்ஷனுக்கு மார்ட்டின் குடி வந்தான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். நடைப்பயணத்துக்குப் பெயர் கொடுக்க ஒரு சாயங்காலம் இவர்கள் வீட்டுக்கு வந்தவன், படத்தைப் பார்த்ததும் பெயர் கொடுப்பதை மறந்து நின்றான்.

"அம்மா, இது எங்கேருந்து வந்துச்சு?"

"வந்தா என்ன சார்? மாதா படம். கும்பிட்டுக்குங்க."

கும்பிட்டான். கும்பிட்டுவிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அதற்கென்ன, எடுங்கள் என்றாள். நாலு நாள் கழித்து, பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பட்டறை விட்டு அவள் வந்து காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது வந்தான். உட்கார மாட்டேன் என்கிறான், காப்பி வேண்டாம் என்கிறான். வகுப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறவனுக்கு வாய் வரவில்லை.

"அம்மா, அது புயல் இல்ல."

"பின்ன?"

"பீரங்கிப் புகை. அது கடல் சண்டைம்மா. முந்நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி ஹாலந்துக்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் போட்டுக்கிட்ட சண்டை. அப்பல்லாம் பேப்பர்ல போட்டோவா இருந்துச்சு? சண்டை முடிஞ்சதும் செப்புத் தகட்டுல படத்த வெட்டி, மை தடவி, அச்சடிச்சு ஊரு பூரா விப்பாங்க. ஜெயிச்சவங்க வாங்கி வீட்டுல மாட்டிக்குவாங்க."

"மேல இருக்கறது?"

மார்ட்டின் தரையைப் பார்த்தான். "புகழ்ங்கறத ஒரு பொம்பள மாதிரி வரையறது அவங்க வழக்கம்மா. கையில இருக்கறது பூ இல்ல. கொம்பு. ஜெயிச்சவங்க பேர ஊதுறாங்க."

சகாயம்மாளுக்கு வந்தது கோபம். "சார், குடி வந்து இருபது நாள் ஆகல. எங்கப்பா மாட்டுன படத்தப் பாத்துக் கொம்பு ஊதுறான்னு சொல்றீங்களா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். ரிட்டையர்டு பஸ் டிரைவரான அவள் புருஷன் ரெஜிஸ், அதிகம் பேசாத மனுஷன், எழுந்து போய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்தார். "சண்டை எதுக்கு? பிரிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

ஆணியைப் பிடுங்கிச் சட்டத்தைப் பிரித்தார்கள். படத்தின் அடிப்பாகம் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பின்னால் மடிந்திருந்தது. சட்டம் சின்னது, படம் பெரியது, பிலோமின்ராஜ் மடித்துவிட்டிருக்கிறார். மடிப்பை விரித்தால் வரிசையாக அந்நிய எழுத்து. மார்ட்டினின் சிநேகிதன் ஒருவன் ஹாலந்தில் இருக்கிறான், அவனுக்குப் போட்டோ போனது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. படத்தில் ஒவ்வொரு கப்பலுக்கும் பக்கத்தில் பொடிசாக ஓர் எழுத்து இருக்கிறதே, ஏ என்றால் ஹாலந்துத் தளபதியின் கப்பல், பி என்றால் எரிகிற எதிரிக் கப்பல், சி இன்னார் கப்பல், டி இன்னார் கப்பல் என்று ஜி வரைக்கும் விளக்கம். மாதாவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

"ஒருவேளை பிற்காலத்து நகலான்னு அவன் கேக்குறான்மா. லென்ஸ் வச்சுப் பாத்தா புள்ளி புள்ளியாத் தெரியும்னா நகல். கோடு கோடாத் தெரிஞ்சா தகட்டுலேருந்து எடுத்த அசல்."

லென்ஸ் அவள் கழுத்தில்தான் இருந்தது. ஆனால் நினைவு தெரிந்ததிலிருந்து பார்க்கிற படத்தில் ஒருநாள்கூட அவள் அதை வைத்ததில்லை. குறை கண்டுபிடிக்கிற கண்ணாடியைச் சாமி படத்துக்கிட்டே கொண்டுபோவதா? இன்றைக்குத்தான் அது சாமி படம் இல்லையென்று ஆகிவிட்டதே. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. காப்பி ஆறிப்போனது.

"கோடுதான்" என்றாள் ஒருவழியாக. "ஆத்தாடி, என்ன கை சார் இது! ஒவ்வொரு கோடும் ஊசி மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல பருத்து, திரும்ப ஊசியா முடியுது. உளிய அழுத்தி, தள்ளி, மூச்ச விடாம தூக்கியிருக்கான். ஒரு எடத்துல கை நடுங்கல. ரெண்டாவது தடவை போகவே இல்ல. செம்புல வெட்டுனா அழிச்சுட்டு வெட்ட முடியுமா? எங்க கல்லு மாதிரிதான், போனா போச்சு." மார்ட்டினுக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் இப்படி ஒருவர் சொல்லி அவன் கேட்டதில்லை.

அவள் லென்ஸை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். மாதா என்று கும்பிட்ட முகத்தில் கொஞ்சம் நின்றாள். கன்னம் உப்பியிருந்தது, கொம்பு ஊதுகிற கன்னம்தான். அங்கிருந்து கீழே இறங்கினாள், எரிகிற கப்பலுக்கும் முறிந்த பாய்மரத்துக்கும் நடுவே. மூலையில், எத்தனையோ வருஷமாக அலை என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில், லென்ஸ் நின்றது.

அலை இல்லை. தலைகள். எள்ளளவு தலைகள், நீரில். பக்கத்தில் ஒரு படகு, அவள் நகத்தளவுகூட இல்லை. அதில் நாலு பேர். ஒருவன் பாதி உடம்பு வெளியே தொங்கத் தண்ணீருக்குள் கையை நீட்டியிருந்தான். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை அந்தக் கையைப் பிடித்திருந்தது. விரல்கூடத் தெரிந்தது!

"சார், இதுக்கு என்ன எழுத்து போட்டிருக்கு?"

மார்ட்டின் தேடினான். ஏ முதல் ஜி வரை எல்லாம் பெரிய கப்பல்கள், பெரிய மனுஷர்கள். "இதுக்குப் போடலம்மா. பேரு இல்ல."

"யாரும் கேக்காமலே வெட்டியிருக்கான்" என்றாள் சகாயம்மாள்.

மறுநாள் மார்ட்டின் வந்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா. திரும்ப மாட்டிருங்க" என்றான். ரெஜிஸும் அதையேதான் சொன்னார். ஐம்பத்திரண்டு வருஷம் நடந்தது, இன்னும் நடக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?

நியாயமான யோசனைதான். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சொன்னால் அடுத்த வருஷம் அந்த வாசலில் ஒரு ஆள் நிற்கப் போவதில்லை, அது அவளுக்குத் தெரியும். செத்துப்போன அப்பாவைத் தெரு சிரிக்கும், அதுவும் தெரியும். பட்டறையில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு கல்லைக் கெடுத்தாள். கெட்ட கல்லைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, ஸ்ரீரங்கத்துக் கடையில அந்த ஆள எல்லாரு முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டு வந்தேன்ல. இப்ப நான் வாய மூடிக்கிட்டு ஆரத்தி எடுத்தா, அவனுக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?"

ரெஜிஸ் எழுந்து போய்ச் சீரோ வாட் பல்பைத் தானே கழற்றினார்.

ஞாயிறு நாலு மணிக்கு நாற்பத்தாறு பேர் வந்தார்கள். படம் பழைய இடத்தில் இருந்தது. பல்பு இல்லை, மாலை இல்லை. ரெஜிஸ் பழக்க தோஷத்தில் காலையில் வாங்கி வந்த சம்மங்கி மாலை மேசைமேல் வாழை இலையில் கிடந்தது. பிராங்க்ளின் அதைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"என்னக்கா, மாலை போடல?"

சகாயம்மாள் மஞ்சள் புடவையில்தான் இருந்தாள். ஆரத்தித் தட்டு கையில் இல்லை. நேராக நின்று, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். புயல் இல்லை, சண்டை. மாதா இல்லை, கொம்பூதி. அப்பா தெரியாமல் செய்தார், நான் தெரிந்தபிறகு மறைக்க மாட்டேன். சொல்லி முடிக்கிறவரை அவள் தலை குனியவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிராங்க்ளின் முகம் கறுத்துப்போனது.

"அப்ப இத்தன வருஷமா யாரக் கும்பிட்டோம்?"

"மாதாவத்தான் கும்பிட்டோம். நம்ம மனசு அவளுக்குத் தெரியாதா? படந்தான் வேற."

"படம் வேறன்னா, இங்க நமக்கு என்னக்கா வேலை? கோயில்லேருந்து கெளம்பிக்கறோம். இனிமே அதான் சரி." அவன் திரும்பினான். கூட்டமும் செருப்பைத் தேட ஆரம்பித்தது.

ஐம்பத்திரண்டு வருஷம் அந்த நிமிஷத்தில் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் கெஞ்சவில்லை. கழுத்துக் கயிற்றைக் கழற்றினாள், உத்தரியமும் லென்ஸும் சேர்ந்தபடியே. "போங்க பிராங்க்ளின். தடுக்கல. ஆனா போறதுக்கு முன்னாடி இந்த மூலைய மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. வெட்டுனவன் கைக்காகவாவது பாருங்க."

அவள் பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. வேண்டாவெறுப்பாக வாங்கி, அவள் காட்டிய இடத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்.

பின்னால் இருந்தவர்கள் முதலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேச்சு நின்றது. அவன் நிமிரவில்லை. உத்தரியத் துணி அவன் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"கடல்ல... ஆளுங்க இருக்காங்கக்கா."

"ஆமா."

"இவன், இந்தப் படகுக்காரன் ஒருத்தனோட கையப் புடிச்சிருக்கான்." அவன் குரல் உடைந்தது. "இழுத்துட்டானாக்கா?"

சகாயம்மாளுக்குச் சுருக்கென்று புரிந்தது. வெட்டினவன் கையை மட்டுமே நினைத்துக் காட்டியவள் அவள், இவன் தம்பியை அவள் நினைக்கவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது. பக்கத்தில் வந்து நின்றாள்.

"தெரியலப்பா. ஆனா முந்நூத்தம்பது வருஷமா புடிச்ச கைய விடல."

பிராங்க்ளின் அழுதான். இருபது வருஷத்தில் தெரு பார்க்காத அழுகை. அழுதுவிட்டு லென்ஸைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தான். அவர் பார்த்து அடுத்தவருக்குக் கொடுத்தார். நாற்பத்தாறு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்து முடிக்க ஐந்தே முக்கால் ஆகிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பார்த்தவர்கள் யாரும் கோயிலுக்குப் போகவுமில்லை, கூடத்திலும் வாசலிலுமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

பிராங்க்ளின் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். மேசையிலிருந்த சம்மங்கி மாலையை எடுத்தான்.

"அது சாமி படம் இல்லன்னு இப்பத்தான சொன்னேன்" என்றாள் சகாயம்மாள்.

"தெரியும்க்கா. செத்தவங்க படத்துக்கும் மாலை போடுவோம்ல?"

மாலையைப் படத்துக்குப் போட்டான். எல்லாரும் எழுந்து, கடலில் போனவர்களுக்காக, ஹாலந்துக்காரன் இங்கிலீஷ்காரன் பாலக்கரைக்காரன் எல்லாருக்குமாக, ஜெபமாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொன்னார்கள். சகாயம்மாள் அடுக்களைக்குப் போய் ஆரத்தித் தட்டை எடுத்து வந்தாள். ரெஜிஸ் தீப்பெட்டி தேடிக் கொடுத்தார். ஐம்பத்து மூன்றாவது வருஷமும் நடைப்பயணம் அவள் வாசலிலிருந்துதான் கிளம்பியது.